ஆறு பெருகிய கோடையில் எங்கே சுழியோடுவது? பிறொக்வில், கிங்ஸ்டன், ரொபர்மோரி: ஓர் ஒப்பீடு

ஒன்ராறியோ ஏரி உயர்ந்துவிட்டது, படகுத்துறைகள் நீருக்குள் போய்விட்டன என்ற செய்தி வந்ததும், ஆயிரம் தீவுகள் பகுதியில் சுழியோடுவதற்கு ஏற்கெனவே படகு பதிவு செய்தவர்களுக்குத் தடுமாற்றம் தொடங்கிவிடுகிறது. முற்பணம் கட்டியாகிவிட்டது, வேலையில் விடுமுறையும் எடுத்தாகிவிட்டது. இனி, திட்டமிட்டபடி சென் லோறன்ஸ் ஆற்றுக்கே போவதா, ஏரிப் பக்கமாகக் கிங்ஸ்டனுக்கு மாறுவதா, ஹூரோன் ஏரியில் இருக்கும் ரொபர்மோரிக்கு வண்டியைத் திருப்புவதா, பக்கத்துக் கல்குவாரியோடு நிறுத்திக்கொள்வதா, இல்லையேல் எல்லாவற்றையும் செப்டெம்பருக்குத் தள்ளிவைப்பதா? ரொறன்ரோவிலும் சுற்றுவட்டத்திலும் சுழியோடப் பழகிய வாசகர்கள் பலர் இதைக் கேட்டிருப்பதால், ஒவ்வொரு தெரிவையும் ஒரே அளவுகோல்களால் எடைபோட்டுப் பார்க்கிறேன். நீர்மட்டம் என்ற ஒற்றை எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பதே பல பிழையான தெரிவுகளுக்குக் காரணம் என்று நான் உறுதியாக நம்புவதால், அதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

## மட்டம் வேறு, பாய்ச்சல் வேறு

ஒன்ராறியோ ஏரியின் நீண்டகாலச் சராசரி மட்டம், கடல்மட்டத்திலிருந்து அளந்தால், ஏறத்தாழ 74.75 மீற்றர். 2017 மே இறுதியில் அது 75.88 மீற்றரையும், 2019 ஜூனில் 75.92 மீற்றரையும் தொட்டது. கரையோர வீடுகளுக்கும் ரொறன்ரோத் தீவுகளுக்கும் அது பேரிடராக அமைந்தது. 2017இல் தீவுப் பூங்கா ஜூலை இறுதிவரை மூடிக் கிடந்தது. ஆனால் 20 மீற்றர் ஆழத்தில் கிடக்கும் ஒரு கப்பலைப் பார்க்கப் போகும் சுழியோடிக்கு அந்த உயர்வு தருவது மேலும் ஒரு மீற்றர் நீரை மட்டுமே. அமுக்கம் பத்தில் ஒரு பார் கூடும், அடியில் தங்கக்கூடிய நேரம் சற்றுக் குறையும். கையில் கட்டியிருக்கும் சுழியோடும் கணினியே அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

ஆபத்து பாய்ச்சலில் இருக்கிறது. ஏரியிலிருந்து ஆற்றுக்குள் எவ்வளவு நீர் போகிறது என்பதைக் கோன்வோல் அருகே எல்லையின் மீது நிற்கும் மோசஸ்–சோண்டர்ஸ் அணை தீர்மானிக்கிறது. சராசரி வெளியேற்றம் செக்கனுக்குச் சுமார் 7,000 கன மீற்றர். 2017, 2019 ஆகிய இரு கோடைகளிலும் அது 10,400 கன மீற்றருக்கு உயர்த்தப்பட்டது. ஆறு ஆழமாக ஓடும் பிறொக்வில் பகுதியில், மட்டம் ஒரு மீற்றர் உயர்ந்தாலும் நீர் பாயும் குறுக்குப் பரப்பு சில வீதமே கூடுகிறது. ஆகவே மேலதிக நீர் முழுவதும் வேகமாகவே வெளிப்படுகிறது. வேகம் ஏறத்தாழ நாற்பது வீதம் கூடினால், நீர் உடலைத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு உயர்வதால், அது கிட்டத்தட்ட இரு மடங்காகிறது. செக்கனுக்கு அரை மீற்றர் வேகத்தில் ஓடும் நீரை எதிர்த்துச் சாதாரணச் சுழியோடி ஒருவர் நெடுநேரம் நீந்த முடியாது என்பதை நினைவில் வைத்தால், இந்த இரு மடங்கின் பொருள் விளங்கும்.

இன்னும் முக்கியமான ஒன்று உண்டு. மட்டம் உச்சத்தைத் தொடும் நாளும் நீரோட்டம் உச்சத்தைத் தொடும் நாளும் ஒன்றல்ல. வசந்தத்தில் ஒட்டாவா ஆறு பனியுருகிப் பெருகும்போது, மொன்றியல் பகுதி மூழ்காதிருக்க அணையில் நீரைக் கட்டுப்படுத்துகிறார்கள். அப்போது ஏரி உயர்கிறது. ஆறோ அளவோடு ஓடுகிறது. ஒட்டாவாவின் பெருக்கு வடிந்த பின்னரே வெளியேற்றத்தைக் கூட்டுகிறார்கள். 2017இலும் 2019இலும் ஜூன் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் வரை இருந்த நிலை அதுதான். ‘ஏரி இறங்கத் தொடங்கிவிட்டது’ என்று ஜூலையில் வரும் நல்ல செய்தி, ஆற்றில் இறங்கப் போகிறவருக்கு நல்ல செய்தி அல்ல. ஏரி இறங்குவதே ஆறு அந்த நீரைச் சுமந்து விரைவதால்தான்.

ஆகவே பார்க்க வேண்டிய எண், ஒன்ராறியோ ஏரி மற்றும் சென் லோறன்ஸ் ஆற்றுக்கான பன்னாட்டுச் சபை வெளியிடும் வெளியேற்ற அளவு. பயணத்துக்கு முந்தைய வாரம் ஒருமுறையும் புறப்படும் முதல்நாள் ஒருமுறையும் பார்த்துக்கொள்வது போதுமானது.

## எதை வைத்து எடைபோடுவது

நீரோட்டத்துக்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது, இறங்கி ஏறும் இடம். மட்டம் உயர்ந்தால் கரையின் படிகளும் பாறைகளும் நீருக்கடியில் வழுக்கும். ஏறும் இடமாக நினைத்து வைத்திருந்த துறை இல்லாமற் போயிருக்கும். நீரில் மூழ்கிய துறைகளில் படகுகளுக்கான மின்னிணைப்பு துண்டிக்கப்படாமல் இருந்தால், அதன் அருகே நீந்துவது உயிராபத்து. நன்னீரைவிட மனித உடல் மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதால், கடலைவிட ஆற்றிலும் ஏரியிலும் இந்த ஆபத்து அதிகம். மின்வசதியுள்ள எந்தத் துறைக்கருகிலும் இறங்கவோ ஏறவோ கூடாது என்பதை இங்கே விதியாகவே கொள்ள வேண்டும்.

மூன்றாவது பார்வைத்தூரம். பிற ஆறுகளில் வெள்ளம் என்றால் சேறு. சேறு என்றால் கைக்கெட்டும் தூரம்கூடத் தெரியாது. சென் லோறன்ஸ் அப்படியல்ல. அது ஏரியின் நீரைக் கொண்டு ஓடும் ஆறு. அதோடு 1980களின் இறுதியில் பேரேரிகளுக்குள் வந்து பரவிய வரிச்சிப்பிகள் நீரை வடிகட்டித் தெளிவாக்கிவிட்டன. கரையரிப்பால் ஓரங்கள் கலங்கினாலும், நடு ஆறு பெருக்கிலும் ஓரளவு தெளிவாகவே இருக்கும். இந்தத் தெளிவே சிலரை ஏமாற்றுகிறது: அடி தெரிகிறது என்பதால் நீர் அமைதியாக இருக்கிறது என்று மனம் எண்ணிக்கொள்கிறது.

நீரின் தூய்மை, வெப்பநிலை, செலவு ஆகியவை மற்ற மூன்று. செலவில் படகுக் கட்டணத்தை மட்டும் கூட்டக் கூடாது. மாற்று நாளுக்கான விடுதி, வாடகைக்கு எடுக்கும் ட்றை சூட் (உடலை நனையவிடாத குளிர்நீர் உடை), நீரோட்டத்தில் இருமடங்கு வேகத்தில் தீரும் காற்று, திருப்பித் தரப்படாத முற்பணம் எல்லாம் அதில் அடங்கும்.

## பிறொக்வில்லும் ஆற்றில் மூழ்கிய கப்பல்களும்

சாதாரண ஆண்டில் ரொறன்ரோச் சுழியோடிக்கு இதைவிடச் சிறந்த இடம் இல்லை என்பேன். ஆறு அடிவரை கலந்து ஓடுவதால், கோடை நடுவில் ஆழத்திலும் 20 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் இருக்கும், நீர் உட்புகும் சாதாரண உடையான வெற்சூட்டே போதும். நெடுஞ்சாலையில் மூன்றரை மணிநேரப் பயணம். கப்பல்களும் அருமையானவை. 1868இல் கட்டப்பட்டு 1877இல் நிலக்கரிச் சுமையோடு மூழ்கிய ‘லில்லி பார்சன்ஸ்’ பாய்க்கப்பல் ஸ்பறோ தீவருகே தலைகீழாகக் கிடக்கிறது. 1863இல் கட்டப்பட்ட ‘றொபேர்ட் காஸ்கின்’ 1889இல் மூழ்கி, நகருக்கு எதிரே சுமார் 20 மீற்றர் ஆழத்தில் இருக்கிறது. கீழே கார்டினல் ஊரில், 1922இல் தீப்பிடித்து மூழ்கிய ‘கொனெஸ்ரோகா’வின் ஒரு பகுதி நீருக்கு மேலேயே நீட்டிக்கொண்டிருக்கும்.

ஆனால் இவை ஒவ்வொன்றையும் நீரோட்டம் வெவ்வேறு விதமாகத் தொடுகிறது. லில்லி பார்சன்ஸ் இருக்கும் இடம் தீவுகளுக்கிடையே ஆறு ஒடுங்கும் பகுதி. சாதாரண ஆண்டிலேயே பிடிமானத்தோடு இறங்கி, கப்பலின் மறைவில் ஒதுங்கி, முடிவில் ஓட்டத்தோடு மிதந்து போய்ப் படகில் ஏற வேண்டிய இடம் அது. வெளியேற்றம் 10,000 கன மீற்றரைத் தாண்டிய வாரங்களில், மிதவைகளே நீருக்குள் இழுபடக்கூடும். கயிற்றைத் தவறவிட்டவர் கப்பலைப் பார்க்காமலே அதைக் கடந்து போய்விடுவார். கொனெஸ்ரோகாவின் ஆழம் குறைவு, சுமார் எட்டு மீற்றர்தான். ஆழம் குறைந்த இடம் புதியவருக்கு ஏற்றது என்ற பொதுவிதி இங்கே பொருந்தாது. கப்பலின் உட்புறம் ஓட்டத்திலிருந்து காக்கும். விளிம்பைத் தாண்டி வெளியே வந்தவுடன் முகமூடியையே கழற்றிவிடும் அளவுக்கு நீர் தள்ளும்.

பிறெஸ்கொட்டுக்குச் சற்று மேற்கே, கரையிலிருந்து நீந்திப் போகும் தூரத்தில் இருக்கும் ‘றொத்சே’ வேறு வகை. 1889இல் மோதி மூழ்கிய இந்தத் துடுப்புச்சக்கர நீராவிக் கப்பல் சுமார் பத்து மீற்றர் ஆழத்தில், பிரதான ஓட்டத்துக்கு வெளியே கிடக்கிறது. பெருக்கு ஆண்டில் ஆற்றை விட்டுவிட மனமில்லாதவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அங்கும் கரையில் ஏறும் இடத்தை முன்கூட்டி நடந்து பார்த்துவிட்டே இறங்க வேண்டும்.

கப்பற் போக்குவரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 225 மீற்றர் நீளமான சரக்குக் கப்பல்கள் இதே ஆற்றில் ஓடுகின்றன. ஆற்றோடு கீழிறங்கும் கப்பலால் விரைந்து நிற்க முடியாது. கனடாவில் நீலமும் வெள்ளையுமான கொடியைப் படகும், வெள்ளைக் கோடிட்ட சிவப்புக் கொடியைச் சுழியோடும் இடத்து மிதவையும் காட்ட வேண்டும். ஓட்டம் கூடிய நாளில் நீங்கள் கொடியிலிருந்து எவ்வளவு தூரம் அடித்துச் செல்லப்படுவீர்கள் என்பதே மாறிவிடுவதால், நங்கூரமிட்டுக் காத்திருக்கும் படகு போதாது. இயந்திரத்தை ஓடவிட்டபடி குமிழிகளைப் பின்தொடரும் படகு வேண்டும். ஒவ்வொருவரிடமும் காற்றூதி நீர்ப்பரப்புக்கு மேலே உயர்த்திக் காட்டக்கூடிய அடையாளக் குழாய் ஒன்றும் இருக்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான் மிக அதிகம். படகோட்டி காலையில் ஆற்றைப் பார்த்துவிட்டு ‘இன்று வேண்டாம்’ என்று சொன்னால், அவர் சரியான வேலையைத்தான் செய்கிறார். ஆனால் அன்றைய விடுதியும் பயணமும் உங்கள் கணக்கில். பதிவு செய்யும்போதே, நீரோட்டத்தால் இரத்தானால் முற்பணம் வேறு நாளுக்கு மாற்றப்படுமா என்று எழுத்தில் கேட்டு வைக்க வேண்டும்.

பெருக்கு ஆண்டில் இது யாருக்கு ஏற்றது? ஓட்டத்தோடு மிதந்து சுழியோடிப் பழகியவர்களுக்கு. ஆற்றை நன்கறிந்த படகோட்டியோடு போகிறவர்களுக்கு. குளிரைத் தாங்கி, அணை நீரைத் தடுத்து வைத்திருக்கும் மே மாதத்திலேயே போகத் துணிபவர்களுக்கு. முதன்முறையாக ஆற்றில் இறங்குபவர், அவருக்கு எத்தனை சான்றிதழ்கள் இருந்தாலும், அந்த ஜூலையில் லில்லி பார்சன்ஸுக்குப் போகக் கூடாது.

### லொங் சோ: மட்டம் தாழும் இடம்

ஆற்றின் கீழ்ப்பகுதியில், இங்கிள்சைட்டுக்கும் லொங் சோவுக்கும் இடையே, 1958 ஜூலை 1ஆம் திகதி அணைக்காக நீரில் மூழ்கவிடப்பட்ட பழைய கால்வாயின் 21ஆம் இலக்கப் பூட்டு (கப்பல்களை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் கற்தொட்டி) இருக்கிறது. அதோடு சுற்றியிருந்த ஊர்களின் நிலங்களும் மூழ்கின. ‘இழந்த கிராமங்கள்’ என்று இன்றும் அவற்றை நினைவுகூர்கிறார்கள். வெட்டிய கற்சுவர்களைத் தொட்டபடி ஓட்டத்தில் போவது மறக்க முடியாத அனுபவம்.

அந்தப் பகுதியில் கணக்கு தலைகீழாகிறது. அணையில் வெளியேற்றத்தைக் கூட்டும்போது, அணைக்கு நேர் மேலே இருக்கும் சென் லோறன்ஸ் ஏரியின் மட்டம் தாழ்கிறது. ஒன்ராறியோ ஏரி வரலாறு காணாத உயரத்தில் இருந்தபோது, இங்கே படகுகள் தரைதட்டும் அளவுக்கு நீர் குறைந்தது. நீர் குறைவு, ஓட்டம் அதிகம் என்ற இந்தச் சேர்க்கையை, மேற்பகுதியின் செய்திகளை மட்டும் படித்தவர் எதிர்பார்க்க மாட்டார்.

## கிங்ஸ்டன்

ஏரி ஆறாக மாறும் வாசலில் கிங்ஸ்டன் இருக்கிறது; ஆனால் அதன் கப்பல்கள் பெரும்பாலும் ஏரிப் பக்கத்தில் கிடக்கின்றன. 1985இல் சுழியோடிகளுக்காகவே மூழ்கடிக்கப்பட்ட ‘வுல்ஃப் ஐலண்டர் 2’ என்ற பழைய பயணிகள் படகு சுமார் 25 மீற்றர் ஆழத்தில் நிமிர்ந்து நிற்கிறது. அகன்ற ஏரியில் நீர் பரந்து நகர்வதால், அணையின் வெளியேற்றம் கூடினாலும் இங்கே உணரப்படும் மாற்றம் ஆற்றோடு ஒப்பிடத்தக்கதல்ல. உயர் நீர்மட்டத்தின் பாதிப்பு கரையில்தான்: மூழ்கிய துறைகள், நகர முடியாத படகுகள், அலையடிக்காமல் மெதுவாகச் செல்ல வேண்டும் என்ற கட்டுப்பாடுகளால் நீளும் பயணநேரம்.

தூய்மையில் கவனம் வேண்டும். நகரின் பழைய பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுவதால், பெருமழையின் பின் அது ஏரிக்குள் வழிந்துவிடும். மழை நின்று இரண்டு நாட்களாவது கழியாமல் நகரக் கரையோரம் இறங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். கப்பல்கள் கிடக்கும் திறந்த ஏரியில் இந்தக் கவலை குறைவு.

ஆற்றைப் போல அடிவரை சூடாக இருக்கும் என்று எண்ணி வெற்சூட்டோடு வந்தால் ஏமாற்றமே. ஏரியில், சூடான மேல்நீருக்கு அடியில் குளிரடுக்கு உண்டு. காற்று திசைமாறினால் ஒரே நாளில் அடியிலிருந்து குளிர்நீர் மேலே வந்துவிடும். எனினும், பிறொக்வில் படகு இரத்தானவருக்கு மிகக் குறைந்த இழப்போடு கிடைக்கும் மாற்று இதுதான். ரொறன்ரோவிலிருந்து வரும் அதே சாலையில், பிறொக்வில்லுக்கு முன்பே கிங்ஸ்டன் வந்துவிடுகிறது.

## ரொபர்மோரி

ஹூரோன் ஏரி வேறோர் உலகம். மிச்சிகன் ஏரியோடு ஒரே நீர்ப்பரப்பாக இருக்கும் அதன் வெளியேற்றத்தை அடைத்துத் திறக்க அணை எதுவும் இல்லை. மட்டம் மாதக்கணக்கில் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். 2013 ஜனவரியில் பதிவான மிகத் தாழ்ந்த மட்டத்துக்கும் 2020 கோடையின் மட்டத்துக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மீற்றர் வேறுபாடு இருந்தது. ஒன்ராறியோ ஏரி உயரும் அதே ஆண்டில் ஹூரோனும் உச்சத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. இருந்தாலும் அது நீரோட்டமாக மாறி உங்களைத் தள்ளப்போவதில்லை. அங்கே நாளைக் கெடுப்பது காற்றும் அலையும்தான்.

1987இல் நிறுவப்பட்ட ஃபதம் ஃபைவ் தேசிய நீரியற் பூங்காவுக்குள் இறங்கும் ஒவ்வொரு சுழியோடியும் பதிவு செய்ய வேண்டும். பிக் ரப் துறையில் ஆறு மீற்றர் ஆழத்தில் கிடக்கும் 1867ஆம் ஆண்டுப் பாய்க்கப்பல் ‘சுவீப்ஸ்ரேக்ஸ்’, உயர்ந்த நீரால் நன்மை பெறும் கப்பல் என்றே சொல்லலாம். அதற்கு மேலே நீர் கூடினால், மேற்தளத்தைக் காலில் அணிந்த துடுப்புகளால் உதைத்துச் சேதப்படுத்தாமல் மிதக்க இடம் கிடைக்கிறது. கண்ணாடி அடியுள்ள சுற்றுலாப் படகுகளும் அதே இடத்துக்கு வருவதால், இறங்கும் நேரத்தை முன்பே கேட்டறிய வேண்டும். ஆழத்துக்குப் பழகியவர்களுக்கு 1999இல் மூழ்கடிக்கப்பட்ட ‘நயாகரா 2’ இருக்கிறது.

மறைந்த செலவு குளிர். ஆழத்தில் கோடையிலும் 4 முதல் 6 பாகை வரையே இருக்கும். ட்றை சூட்டும், அதில் முன்பயிற்சியும், குளிர்நீருக்கேற்ற ரெகுலேற்றரும் (மூச்சுக் கருவி) தேவை. முதல்முறையாக ட்றை சூட்டை வாடகைக்கு எடுத்து அதே நாளில் 30 மீற்றருக்கு இறங்குவது, ஓட்டத்திலிருந்து தப்பி வேறோர் ஆபத்துக்குள் போவதாகும். உச்சக் கோடையில் விடுதி கிடைப்பதும் கடினம். ஆகவே முந்தைய நாள் முடிவுசெய்து போகக்கூடிய இடமல்ல இது. ஏப்ரலிலேயே பெருக்கின் அறிகுறி தெரிந்தால், அப்போதே மாற்றிவிடுகிறவருக்குத்தான் ரொபர்மோரி சிறந்த தெரிவு.

## கல்குவாரி

நீர் நிறைந்த பழைய கல்குவாரிகள் ஆற்றோடு தொடர்பற்றவை. நீரோட்டம் இல்லை, கப்பல் இல்லை, அணை இல்லை. பயிற்சிக்கும், புதிய கருவிகளைச் சோதிப்பதற்கும், ட்றை சூட் பழகுவதற்கும் இதைவிட நல்ல இடம் கிடையாது. கண்ணுக்கு விருந்தாக எதையும் எதிர்பார்க்கக் கூடாது. வார இறுதியில் மாணவர்கள் அடியைக் கிளறிவிட்டால் பார்வைத்தூரம் போய்விடும். நுழைவுக் கட்டணம் கட்டாமலோ அனுமதி இல்லாமலோ எந்தக் குவாரியிலும் இறங்க வேண்டாம்.

| | பிறொக்வில் ஆறு | கிங்ஸ்டன் | ரொபர்மோரி | கல்குவாரி |
|---|---|---|---|---|
| பெருக்கில் நீரோட்டம் | மிகவும் கூடும் | சிறிதே மாறும் | மாறாது. காற்றே முக்கியம் | இல்லை |
| பார்வைத்தூரம் | நடு ஆற்றில் நன்று, ஓரத்தில் கலங்கல் | திறந்த ஏரியில் நன்று | மிக நன்று | ஆள் கூட்டத்தைப் பொறுத்தது |
| இறங்குமிடம் | படிகளும் துறைகளும் மூழ்கும் | துறைகள் பாதிக்கப்படும் | ஹூரோனும் உயர்ந்தால் மட்டும் | பொதுவாகப் பாதிப்பில்லை |
| கோடையில் ஆழத்தின் வெப்பம் | 20 பாகைக்கு மேல் | குளிரடுக்கு உண்டு | 4–6 பாகை | ஆழத்தில் குளிர் |
| மறைந்த செலவு | இரத்து, விரைவில் தீரும் காற்று | நீளும் படகுப் பயணம் | ட்றை சூட், விடுதி | குறைவு |
| யாருக்கு | ஓட்டத்தில் தேர்ந்தவர் | படகு இரத்தானவர், இடைநிலையினர் | குளிர்நீர் பழகியவர் | பயில்பவர் |

## செப்டெம்பருக்குத் தள்ளிவைத்தல்

ஆற்றையே விரும்புகிறவருக்கு நான் மனமாரச் சொல்லும் தெரிவு இது. பெருக்கு ஆண்டிலும் கோடை முடிவில் வெளியேற்றம் படிப்படியாகக் குறைக்கப்படுகிறது. ஆற்றின் வெப்பமோ செப்டெம்பர் நடுவிலும் இதமாகவே இருக்கும். உல்லாசப் படகுகள் குறைந்து, விடுதிகள் மலிந்துவிடும். பாடசாலை தொடங்கிவிட்டதால் குடும்பத்தோடு போக முடியாது என்பதே இதன் பெரிய குறை. பகல் சுருங்குவதால் ஒரே நாளில் மூன்று முறை இறங்குவதும் சிரமம்.

தள்ளிவைப்பதென்றால், ஜூலைப் பதிவை இரத்துச் செய்யும் அதே அழைப்பிலேயே செப்டெம்பருக்கான நாளைக் கேட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெருக்கு ஆண்டில் எல்லோரும் அதையே செய்வார்கள். அந்த அழைப்பில் படகோட்டியிடம் இன்னும் மூன்றைக் கேளுங்கள்: எந்த வெளியேற்ற அளவுக்கு மேல் நீங்கள் லில்லி பார்சன்ஸுக்குப் போவதில்லை? சுழியோடிகள் நீருக்குள் இருக்கும்போது படகு நங்கூரமிட்டிருக்குமா, பின்தொடருமா? ஓட்டம் ஒத்துவராவிட்டால் அன்றைக்கு மாற்றிடம் எது? முதல் கேள்விக்கு ஓர் எண்ணைச் சொல்லும் படகோட்டியோடு போங்கள். ‘அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று மட்டும் சொல்பவரானால், வேறொருவரைத் தேடுங்கள்.